பட்டாவில் உங்கள் பெயர்: உழவுத் தொழில் செய்யும் பெண்களுக்கான நில உரிமை வழிகாட்டி

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டாலும், சொட்டுநீர் மானியத்துக்கு மனுப் போட்டாலும், மழையில் பயிர் மூழ்கி நிவாரணக் கணக்கெடுப்புக்கு ஆள் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: பட்டா யார் பெயரில் இருக்கிறது? நாற்றுப் பறித்ததும் நட்டதும் களையெடுத்ததும் யார் என்று எவரும் கேட்பதில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் பொறுப்பில் உள்ள சாகுபடி நில உடைமைகள் ஏறக்குறைய 14 சதவீதம்தான். சட்டம் பெண்ணுக்கு எதிராக இருப்பதால் வந்த நிலை அல்ல இது. சட்டம் பெரும்பாலும் பெண்ணின் பக்கம்தான் நிற்கிறது. அந்தச் சட்டத்தைத் தாலுகா அலுவலகக் கவுண்டர்வரை கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆள் இல்லை.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் குடும்ப நிலம் இருந்தும் அதில் பெயர் இல்லாத பெண்களுக்காகவும், அவர்களுக்குத் துணை நிற்க விரும்பும் சுய உதவிக் குழுத் தோழிகளுக்காகவும் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காகிதத்தில் பெயர் ஏறுவது பாதி வேலை. அந்தப் பெயர் நிலைத்து நிற்பதற்குத் துணையாக நாலு பெண்கள் வேண்டும். இரண்டையும் சேர்த்தே தொடங்குங்கள்.

முதலில் காகிதங்களைப் படிக்கப் பழகுங்கள்

நிலம் தொடர்பான காகிதங்கள் என்றால் வீட்டில் யாராவது ஒரு பழைய பத்திரத்தை எடுத்துக் காட்டுவார்கள். அது மட்டும் போதாது. ஐந்து ஆவணங்களை நீங்கள் அடையாளம் காண வேண்டும்.

பத்திரம் என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணம். கிரயம், தானம், பாகப் பிரிவினை, விடுதலை எனப் பல வகை. உரிமை வந்த வழியைச் சொல்வது இதுதான். பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. இந்த நிலத்துக்கு இன்னார் தீர்வை, அதாவது நிலவரி, கட்ட வேண்டியவர் என்று அரசு எழுதி வைத்திருக்கும் கணக்கு. பட்டாவில் பெயர் இருப்பதால் மட்டுமே ஒருவர் முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. பெயர் இல்லாததால் உங்கள் பங்கு போய்விடுவதும் இல்லை. "பட்டா எங்கள் பெயரில் இருக்கிறது, உனக்கு என்ன இருக்கிறது?" என்று பங்காளிகள் கேட்டால் இதை நினைவில் வையுங்கள். அடங்கல் என்பது அந்தப் பருவத்தில் எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பதிவு. பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் இது வேண்டும். புலப்படம் நிலத்தின் அளவும் வடிவமும் காட்டும் வரைபடம். வில்லங்கச் சான்று அந்த நிலத்தின் மேல் நடந்த விற்பனை, அடமானம் முதலியவற்றைக் காட்டும்.

பட்டாவை எப்படிப் படிப்பது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதைக் கையில் வாங்கியும் படிப்பதில்லை. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து, பட்டா எண்ணோ புல எண்ணோ கொடுத்தால் யாரும் பார்க்கலாம். செல்பேசிக்கு வரும் கடவு எண் மட்டும் தேவை. தாளின் மேல்பகுதியில் உரிமையாளர் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் மகன், மகள், மனைவி என்ற உறவும் தந்தை அல்லது கணவர் பெயரும் இருக்கும். கீழே கட்டங்களில் புல எண், உட்பிரிவு, புன்செய், நன்செய். பரப்பு ஏக்கரில் இருக்காது, ஹெக்டேர் – ஏர் கணக்கில் இருக்கும். 0 – 40.50 என்று இருந்தால் அது ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டமான குறிப்புரையை விட்டுவிடாதீர்கள். எந்த உத்தரவின்படி, எந்தத் தேதியில் பெயர் மாறியது என்பதற்கான எண் அங்கேதான் இருக்கும். உங்களுக்குத் தெரியாமல் பெயர் மாற்றப்பட்டிருந்தால் மேல்முறையீட்டுக்கு அந்த எண்தான் பிடிமானம்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் கட்டணம் இல்லாமலே பார்க்க முடியும். கணினி தெரிந்த பிள்ளை ஒருவரை உட்கார வைத்து, குடும்ப நிலத்தின் எல்லாப் புல எண்களுக்கும் பார்த்து அச்செடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். உங்கள் பங்கு நிலம் உங்களுக்குத் தெரியாமல் அடமானத்தில் இருக்கிறதா என்பது அன்றே தெரிந்துவிடும்.

உங்கள் பங்கு எவ்வளவு?

இந்துக் குடும்பம் என்றால் கதை இப்படிப் போகிறது. தந்தை தானே சம்பாதித்து வாங்கிய நிலமாக இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் உயிரோடு இருந்தால் தாய் ஆகிய எல்லோருக்கும் சம பங்கு. இது அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கும் சட்டம். "பெண்ணுக்குச் சொத்துரிமை இப்போதுதான் வந்தது" என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் உரிமை வந்தது பிறகுதான். தமிழ்நாடு 1989இலேயே சட்டம் திருத்தியது. ஆனால் அந்தத் திருத்தம் 1989 மார்ச் 25க்கு முன் திருமணமான மகள்களை விட்டுவிட்டது. மத்திய அரசின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் திருமணமான மகள், ஆகாத மகள் என்ற வேறுபாடே இல்லாமல் மகனுக்குச் சமமாக்கியது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் பல வழக்குகளை இழுத்தடித்தது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்து வைத்தது: உரிமை பிறப்பால் வருவது, தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு விலக்கு உண்டு. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவு செய்து முறையாக நடந்த பாகப் பிரிவினையையும் விற்பனையையும் இந்தத் திருத்தம் கலைக்காது. ஆகவே உங்கள் வழக்கில் முதலில் தேட வேண்டியது, அந்தத் தேதிக்கு முன் ஏதாவது பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்பதைத்தான்.

கிறித்தவக் குடும்பத்தில் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளைகள் இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி ஆண், பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமம். இஸ்லாமியக் குடும்பத்தில் மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கு; பிள்ளைகள் உள்ள விதவைக்கு எட்டில் ஒன்று.

கணவரை இழந்த பெண்களிடம் "மறுமணம் செய்தால் பங்கு போய்விடும்" என்று மிரட்டுவது பல ஊர்களில் நடக்கிறது. கணவர் வழியில் ஏற்கெனவே உங்களுக்கு வந்து சேர்ந்த பங்கு மறுமணத்தால் போகாது. அது உங்கள் முழு உடைமை. விற்கலாம், எழுதி வைக்கலாம், யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

வீட்டில் இறப்பு நிகழ்ந்த பிறகு

பெரும்பாலான பெண்கள் நிலத்தை இழப்பது இந்தச் சில மாதங்களில்தான். காரியம் முடியும் முன்பே யாரோ ஒருவர் காகிதங்களை எடுத்து வைத்துக்கொள்வார். ஆகவே துக்கத்திலும் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு: பத்திரம், பட்டா நகல், தீர்வை ரசீது, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அசல் போனாலும் எண்கள் கையில் இருக்கும். எண் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தின் சான்றிட்ட நகலை எவரும் வாங்கலாம்.

அடுத்தது இறப்புச் சான்றிதழ். அதை வைத்து இ-சேவை மையம் வழியாக வாரிசுச் சான்றிதழுக்கு மனுச் செய்யுங்கள். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, வட்டாட்சியர் தருவார். விசாரணைக்கு ஊருக்கு வரும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். திருமணமாகி வேறு ஊரில் இருக்கும் மகளின் பெயரை விட்டுவிட்டு மகன்கள் மட்டும் சான்றிதழ் வாங்கிவிடுவது அடிக்கடி நடக்கும் அநியாயம். தந்தை இறந்த உடனேயே, "இன்னாரின் மகள் நான், என் பெயரைச் சேர்க்காமல் வாரிசுச் சான்றோ பட்டா மாறுதலோ செய்யக் கூடாது, விசாரணைக்கு என்னையும் அழைக்க வேண்டும்" என்று வட்டாட்சியருக்குப் பதிவுத் தபாலில் ஒரு மனு அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பிறந்த ஊர்க் கிராம நிர்வாக அலுவலருக்கும் ஒரு நகல். இந்த ஒரு மனு பின்னால் வரும் பல ஆண்டு வழக்கைத் தவிர்த்திருக்கிறது.

வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று பிரித்துத் தராது. அது பத்திரத்திலோ நீதிமன்றத்திலோதான் தீரும்.

பிறகு பட்டா மாறுதல். இங்கே என் திடமான கருத்து: குடும்பத்தில் மனத்தாங்கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் வேலையாக எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கிவிடுங்கள். பாகப் பிரிவினையைப் பிறகு பேசிக்கொள்ளலாம். கூட்டுப் பட்டாவால் யாருடைய வரப்பும் நகராது. யாரும் யாரையும் பிரிக்கவில்லை. அண்ணன் தொடர்ந்து உழுதுகொண்டிருக்கலாம். ஆனால் அந்த நிலத்தை வாங்க வருபவரின் வழக்கறிஞர் பட்டாவைப் பார்த்ததும் உங்கள் கையெழுத்து எங்கே என்று கேட்பார். "பங்கு கேட்டால் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடும்" என்று அஞ்சும் பெண்களுக்கு இதைவிட மென்மையான வழி இல்லை.

மனுவோடு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய பட்டா, பத்திர நகல், வில்லங்கச் சான்று, ஆதார் நகல் ஆகியவை போக வேண்டும். இ-சேவை மையத்தில் பதிவு செய்யலாம், இணையத்தில் நீங்களே பதிவேற்றவும் செய்யலாம். மனு எண் உள்ள ஒப்புகைச் சீட்டு இல்லாமல் அங்கிருந்து நகராதீர்கள். வாயால் சொல்லிவிட்டு வந்த மனு மனுவே அல்ல.

சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான் வரும். ஆதாரில் கணவரின் முதலெழுத்தோடு க. முத்துலட்சுமி என்று இருக்கும். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்தோடு ரா. முத்துலெட்சுமி. வாக்காளர் அட்டையில் முத்துலக்ஷ்மி. பிறந்த ஊரில் எல்லோருக்கும் அவர் முத்து. மூன்றும் ஒருவரே என்று நிறுவாவிட்டால் மனு திரும்பி வரும். மனுப் போடும் முன்பே ஆதாரைச் சரிசெய்யுங்கள். அல்லது இந்தப் பெயர்கள் யாவும் ஒரே நபரைக் குறிப்பவை என்று உறுதிமொழி ஆவணம் எழுதி நோட்டரி வழக்கறிஞரிடம் சான்று வாங்கி இணையுங்கள்.

மனு தள்ளுபடியானால் அது முடிவல்ல. காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வட்டாட்சியர் உத்தரவுக்கு மேல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலர். ஆண்டுதோறும் பொதுவாக மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில், அதாவது கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் முகாமில், நேரடியாக மனுக் கொடுக்கலாம். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. உரிமையையே மறுத்துப் பங்காளிகள் தகராறு செய்தால் வருவாய்த் துறை அதைத் தீர்க்க முடியாது. உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். ஒரு காலக்கெடு மட்டும் நெஞ்சில் இருக்கட்டும்: கூட்டுக் குடும்பச் சொத்தில் "உனக்குப் பங்கு இல்லை" என்று உங்களை ஒதுக்கியது தெரியவந்த நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும்.

கையெழுத்துக் கேட்டு வந்தால்

அண்ணன் வருவார், தாம்பூலத்தோடுகூட வருவார். "பேங்க் லோன் விஷயம், ஒரு கையெழுத்துதான், ஆபீசில் வந்து நின்றால் போதும்" என்பார். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு உங்களை அழைத்தாலே அது பத்திரப் பதிவு என்று அறியுங்கள். வங்கிக் கடனுக்காகவே இருந்தாலும் அது அடமானம்தான். விடுதலைப் பத்திரம் என்ற பெயர் காதில் விழுந்தால் நின்றுவிடுங்கள். உங்கள் பங்கை நிரந்தரமாக விட்டுக் கொடுக்கும் ஆவணம் அது. பொது அதிகாரப் பத்திரமும் அப்படித்தான். அதை வைத்து உங்கள் சார்பில் இன்னொருவர் விற்றுவிட முடியும். வெற்று முத்திரைத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

விட்டுக் கொடுப்பதே உங்கள் விருப்பம் என்றால் அது உங்கள் உரிமை, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பத்திரத்தை முந்தைய நாளே வாங்கி, வாசிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து முழுதும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்தப் புல எண், எத்தனை சென்ட், உங்களுக்கு எவ்வளவு தொகை, அந்தத் தொகை எப்படித் தரப்படுகிறது என்பவற்றைப் பாருங்கள். "தொகை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிவிட்டுப் பணத்தைப் பிறகு தருவதாகச் சொன்னால் பதிவை ஒத்திவையுங்கள். வரைவோலையோ வங்கிப் பரிமாற்றமோ கேளுங்கள்.

திருமணத்தின்போது போட்ட நகையையும் சீர்வரிசையையும் காட்டி, "அதுதான் உன் பங்கு" என்பார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கணக்கு இல்லை. மகனின் படிப்புக்கும் திருமணத்துக்கும் வீட்டில் செலவழித்ததை யாரும் அவன் பங்கில் கழிப்பதில்லை.

குடும்பத்தாருக்குள் நடக்கும் பாகப் பிரிவினை, தானம், விடுதலைப் பத்திரங்களுக்குச் செலவு அதிகம் என்று தயங்க வேண்டாம். இவற்றுக்கு முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம். 2023 ஜூலை திருத்தத்தின்படி உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். ஆனால் பிரிவினைக்குப் பிறகு உங்கள் பங்குக்குத் தனி உட்பிரிவு எண்ணும் தனிப் பட்டாவும் வாங்காமல் விட்டால் பாதிப் பயன்தான். நில அளவர் வந்து அளக்கும் நாளில் நீங்கள் நிலத்தில் நிற்க வேண்டும். எல்லைக்கல் ஊன்றியதும் நான்கு மூலையையும் படம் எடுங்கள். வாய்க்காலும் வண்டிப்பாதையும் உங்கள் பங்குக்கு எப்படி வருகின்றன என்பது பிரிவினைப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். கிணற்றில் எத்தனை பங்கு, மோட்டார் எந்த நாள் யாருக்கு என்பதும் அப்படியே. கிணறும் பாதையும் இல்லாமல் மேட்டு நிலத்தை மட்டும் அளந்து கொடுத்துவிட்டு, இரண்டே ஆண்டில் அதைக் குறைந்த விலைக்குத் திருப்பி வாங்கிக்கொள்வது தெரிந்த தந்திரம்.

கணவர் உயிரோடு இருக்கும்போது

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். கணவர் உயிரோடு இருக்கும்வரை அவருடைய நிலத்தில் மனைவி என்ற முறையில் பங்கு கேட்கச் சட்டத்தில் இடமில்லை. ஜீவனாம்சம் கேட்கலாம், குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்ற விடாமல் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் துணையை நாடலாம். நிலம் கேட்க நேரடியான சட்ட விதி இல்லை. முப்பது வருடம் அந்த மண்ணில் உழைத்திருந்தாலும் இதுதான் நிலை.

அதனால் புதிதாக நிலம் வாங்கும்போதே இருவர் பெயரில் அல்லது உங்கள் பெயரில் பதிவு செய்யப் பேசுங்கள். பேச்சைத் தொடங்க ஒரு நல்ல காரணம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீடு, மனை, விளைநிலத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

இன்னொரு அச்சமும் ஊரில் உலவுகிறது: நிலம் பெண் பெயருக்கு வந்தால் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடும் என்று. அந்தத் திட்டத்தின் நில வரம்பு குடும்பத்துக்கானது. ஐந்து ஏக்கருக்குக் குறைந்த நன்செய் அல்லது பத்து ஏக்கருக்குக் குறைந்த புன்செய். கணவர் பெயரில் இருந்த இரண்டு ஏக்கர் உங்கள் பெயருக்கு மாறுவதால் குடும்பத்தின் நிலம் கூடிவிடாது.

நிலமே இல்லாதவர்களுக்கு

ஆதிதிராவிடர், பழங்குடியினர் சமூகங்களைச் சேர்ந்த நிலமற்ற விவசாயக் கூலிப் பெண்களுக்குத் தாட்கோ என்ற அரசுக் கழகத்தின் வழியாக நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் நடக்கிறது. விளைநிலம் வாங்க மதிப்பில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். மீதி வங்கிக் கடன் அல்லது சொந்தப் பணம். மாவட்டத் தாட்கோ மேலாளர் அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். மனுவுக்கு முன் நிலத்தைப் பார்த்து வைப்பது உங்கள் வேலை. கோடையில் போய்ப் பாருங்கள், மழைக்காலத்தில் எல்லா நிலமும் பச்சையாகத்தான் தெரியும். பக்கத்து நிலத்துக்காரப் பெண்ணிடம் தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும் என்று கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர் சொல்வார்.

பெண் பெயரில் நிலம் என்பதைக் கீழத்தஞ்சை மண் ஒருமுறை நடத்திக் காட்டியிருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 தலித் உழைப்பாளிகள், பெண்களும் குழந்தைகளுமாக, எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு காந்திய வழியில் நில உரிமைக்காக உழைத்த தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அந்தப் பகுதியிலேயே தங்கி வேலை செய்தார்கள். 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலக்கிழார்களோடு விலை பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, நிலமற்ற குடும்பங்களுக்கு ஏக்கர் ஏக்கராக வாங்கிக் கொடுத்தார்கள். பத்திரத்தைப் பெண்கள் பெயரில் எழுத வேண்டும் என்பதில் கிருஷ்ணம்மாள் உறுதியாக நின்றார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படி நிலம் பெற்றன. கடன் தவணையைக் கட்டியதும், நிலத்தைச் சேர்ந்து காத்ததும் பெண்கள் கூட்டமாக நின்றதால்தான் முடிந்தது.

வாங்க வழி இல்லாதபோது குத்தகைக்கு எடுக்கலாம். தனியாக எடுப்பதைவிட நாலைந்து பேர் சேர்ந்து எடுப்பது நல்லது. கேரளத்தில் அந்த மாநில அரசின் மகளிர் சுய உதவித் திட்டமான குடும்பஸ்ரீயில் உள்ள பெண்கள் குழுக்களாகத் தரிசு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து நெல்லும் காய்கறியும் பயிரிடுகிறார்கள். நம் ஊரில் இடையூறு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம்தான். தமிழ்நாட்டின் 1955ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற விடாது என்பதால் நில உரிமையாளர்கள் தாளில் எழுதவே அஞ்சுகிறார்கள். குறைந்தபட்சம் குத்தகைப் பணத்துக்கு ரசீது வாங்குங்கள், முடிந்தால் வங்கி வழியாகக் கொடுங்கள். அடங்கலில் சாகுபடி செய்பவர் யார் என்று பதியும்படி கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள். நான்கு முதல் பத்துப் பேர் வரை சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்தால் சொந்த நிலம் இல்லாமலே வங்கிக் கடன் கேட்கலாம்.

துணை சேர்ப்பது எப்படி

புதிய சங்கம் எதுவும் தொடங்க வேண்டாம். இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவில், சேமிப்புக் கணக்கு முடிந்த பிறகு அரை மணி நேரத்தை நிலத்துக்கு ஒதுக்குங்கள். முதல் கூட்டத்தில் ஒவ்வொருவரும் வீட்டுப் பட்டாவின் நகலைக் கொண்டு வந்து மேலே உள்ள பெயர்களைச் சத்தமாக வாசியுங்கள். இறந்துபோன மாமனார் பெயரிலேயே பட்டா கிடக்கும் வீடுகள் எத்தனை என்று அன்று தெரியும். அந்தப் பட்டியல்தான் குழுவின் வேலைத் திட்டம்.

தாலுகா அலுவலகத்துக்கு ஒருபோதும் தனியாகப் போகாதீர்கள். இரண்டு பேர் போங்கள். மனுதாரர் பேசட்டும், மற்றவர் யார் என்ன சொன்னார் என்று தேதியோடு நோட்டில் எழுதட்டும். "நாளைக்கு வா" என்பது நோட்டில் ஏறும்போது அடுத்த முறை பேச்சு மாறும். லஞ்சம் கேட்டால் இருவர் சாட்சி. ஒரே கிராமத்தின் பத்து மனுக்களை ஒரே நாளில் கொடுத்தால் கிராம நிர்வாக அலுவலருக்கும் விசாரணை எளிது. அவரைப் பகைத்துக்கொள்ளாமல் நாள் கேட்டு ஒழுங்கு செய்யுங்கள். பெரும்பாலோர் பணிச்சுமையில் இருப்பவர்கள், நேர்மையாக அணுகினால் உதவவே செய்கிறார்கள்.

பெயர் ஏறிய பெண்ணுக்கு வீட்டில் நெருக்கடி வரும் காலமும் உண்டு. பேச்சை நிறுத்துவார்கள், வாய்க்காலை அடைப்பார்கள், உழவு வண்டி வர விடமாட்டார்கள். அந்தப் பருவத்தில் குழு அந்த நிலத்தில் இறங்கி ஒரு நாள் வேலை செய்வதற்கு இருக்கும் வலிமை எந்த நோட்டீசுக்கும் இல்லை. மிரட்டலோ அடியோ என்றால் 181 மகளிர் உதவி எண் இருக்கிறது; காவல் நிலையத்தில் கொடுத்த புகாருக்கு மனு ஏற்புச் சீட்டு வாங்குங்கள்.

பெயர் ஏறிய பிறகு

பட்டாவைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். உடனே செய்ய வேண்டியவை சில உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். அங்கே பயிர்க்கடனைத் தவணை தவறாமல் கட்டினால் வட்டி இல்லை. கூட்டுப் பட்டா என்றால் மற்றவர்களின் சம்மதக் கடிதம் கேட்பார்கள், முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இ-சேவை மையத்தில் சிறு, குறு விவசாயி சான்றிதழ் எடுங்கள். இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. இந்தச் சான்று இருந்தால் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். வேளாண் இயந்திரங்களுக்கும் பெண் விவசாயிகளுக்கு மானியம் 50 சதவீதம் வரை உண்டு. தமிழக அரசின் உழவன் செயலியில் உங்கள் பெயரிலேயே, உங்கள் செல்பேசி எண்ணிலேயே பதியுங்கள். மகன் எண்ணைக் கொடுத்தால் எல்லாத் தகவலும் மகனுக்குத்தான் போகும்.

தீர்வை சொற்பத் தொகைதான். ஒவ்வொரு பசலி ஆண்டும், அதாவது ஜூலை முதல் ஜூன் முடிய, நீங்களே கட்டி ரசீதை வரிசையாக அடுக்குங்கள். நிலம் உங்கள் அனுபவத்தில் இருப்பதைக் காட்ட நீதிமன்றத்தில் அந்த ரசீதுகள் பேசும். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு விவசாயி என்ற முறையில் போங்கள். முன்வரிசையில் இடம் இருந்தால் அங்கேயே உட்காருங்கள்.

கடைசியாக உயில். பெண்கள் உயில் எழுதுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உயில் எழுதாமல் இறந்தால் இந்துப் பெண்ணின் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். பிள்ளைகளும் கணவரும் இல்லாதபோது, நீங்கள் சம்பாதித்து வாங்கிய நிலமாக இருந்தாலும், உங்கள் தாய் தந்தையைத் தாண்டிக் கணவர் வீட்டு வாரிசுகளுக்கு அது போய்விடும். பிறந்த வீட்டிலிருந்து வந்த நிலம் மட்டும், பிள்ளைகள் இல்லையென்றால், தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். உங்களைக் கவனித்துக்கொண்ட தங்கைக்கோ, வளர்த்த பிள்ளைக்கோ நிலம் போக வேண்டும் என்றால் எழுதித்தான் ஆக வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதினாலே செல்லும். முத்திரைத் தாள் வேண்டியதில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். நிலம் பெறப்போகிறவர் சாட்சியாக இருக்கக் கூடாது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால் பின்னால் யாரும் போலி என்று சொல்வது கடினம். மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும்.